செம்பு வானத்துக்குள் பன்னிரண்டு பேர்

அந்த வானத்தில் மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். அத்தனையும் அவள் கையால் போட்டவை. பட்டறைக்காரர்கள் அவளுக்கு 'ஓட்டைக்காரி' என்று பெயர் வைத்ததும் அதனால்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் அப்பா செம்புத் தகடு அடிப்பவர். சாயப்பட்டறைகளுக்குக் கொப்பரை அடித்துக் கொடுத்துப் பிழைத்தவர். அவரிடம் ஒருநாள், கடைத்தெருக் கோடியில் பெரிய கூடம் கட்டியிருந்த முதலாளி ஒருவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். பத்தடி விட்டத்தில் ஒரு செம்புக் கோளம். உள்ளே வட்டமாகப் பலகை போட்டுப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஓட்டை. கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தின் ஜன்னல்களைத் திறந்தால் வெளிச்சம் ஓட்டை வழியாக உள்ளே மினுங்கும். வெளியே ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் கோளம் சுழலும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வானமே நகர்வது போல இருக்கும். பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டுவேன் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்குத் தகடு அடிக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. வீட்டிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்த மகள்தான், பத்தொன்பது வயதில், நட்சத்திரப் படத்தைப் பார்த்து அளவெடுத்து, சுத்தியலும் குத்தூசியுமாக எட்டு மாதம் அந்த உருண்டையின் மேல் கிடந்தாள். வெளியில் நின்று போடுவதால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிப் போட வேண்டும். அதனால் வானத்தை அவள் முதலில் கற்றதே தலைகீழாகத்தான்.

பாடம் சொல்ல முதலாளி வெளியூரிலிருந்து ஒரு பண்டிதரை வரவழைத்தார். பாவம், அந்த மனிதருக்கு மூடிய இடம் என்றால் பயம். கதவைச் சாத்தியதும் வேர்த்து விறுவிறுத்துவிடும். மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டிவிட்டார். டிக்கெட் வாங்கிய கூட்டம் வாசலில் நின்றது. முதலாளி சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குத்தான் எந்த ஓட்டை எதுன்னு தெரியுமே. போய்ச் சொல்லு."

போனாள். ஆறு வருடம் சொன்னாள்.

அவள் சொல்லும் விதமே தனி. கோளத்தின் நடுவே கிடைமட்டமாக ஓர் அசையாத இரும்பு அச்சு. அதில் தொங்கியபடி உட்காரும் பலகை, கால் வைக்கும் பலகை, ஒரு சின்ன மேஜை. மேஜை நடுவில் தேங்காய் அளவு பூமி உருண்டை. "நாம இருக்கறது இங்க," என்று எல்லோருடைய விரலையும் பிடித்து அதில் வைப்பாள். "உங்க விரலுக்கு அந்தப்பக்கம் இருக்கறவங்களுக்கு இப்ப நடுராத்திரி. அவங்க பாக்கற வானம் உங்க காலுக்குக் கீழ இருக்கு. குனிஞ்சு பாருங்க." குனிந்து பார்ப்பார்கள். பாதத்துக்கு அடியில் நட்சத்திரங்கள். சிலர் காலைத் தூக்கிக்கொள்வார்கள்.

கைப்பிடி சுற்றுவது அவள் அக்காவின் கணவர். அவள் 'மாமா' என்று கூப்பிடுவாள். அதிகம் பேசாத மனிதர். ஒரு திங்கட்கிழமை, கூட்டம் போனபின் அவளைக் கூப்பிட்டுப் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லை விரலால் தொட்டுக் காட்டினார். அடிப்பாகத்தில் தலைமயிர் போல ஒரு கீறல்.

"இது ரொம்ப நாள் தாங்காது."

இருவரும் முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். அவர் கீறலைப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. "அடுத்த வாரம் பெரிய அதிகாரி குடும்பத்தோட பாக்க வர்றார். சக்கரத்தக் கழட்டுனா ஒரு மாசம் மூடணும். அவர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானும் அந்த அதிகாரிக்கு வானம் காட்ட ஆசைப்பட்டதுதான் காரணம் என்று பின்னால் அவளே ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பெண்கள் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒருத்தி மாமாவின் மகள், ஒன்பது வயது. கூடவே பெரிய டீச்சர். ஆள் நல்ல கனம். அதட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த டீச்சர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

"இது பாதுகாப்பா இருக்குமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றாள் அவள். சொல்லும்போதே அந்தக் கீறல் கண்ணுக்குள் வந்து போனது.

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ் விழுந்தது. பிள்ளைகள் 'ஆ' என்று வாயைப் பிளந்தார்கள். வானம் மெல்ல நகரத் தொடங்கியது. அவள் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, துருவ நட்சத்திரத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு இருந்த பகுதி பக்கவாட்டில் ஏறி மேலே போனது. சாத்திய கதவைச் சுற்றி மெல்லிய வெளிச்சக் கோடு ஒரு சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் உச்சிக்கு வந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம்.

வானம் நின்றது.

பலகை ஒரு தடவை குலுங்கியது. வெளியே மாமா கைப்பிடியை அழுத்துவது கேட்டது. அசையவில்லை. உடைந்த பல் சக்கரத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் போக அது விடாது. பின்னால் வர இன்னொன்று விடாது; கோளம் எதிர்ப்பக்கம் சுழன்றுவிடாமல் தடுக்க ஓர் இரும்பு நாக்கு வைத்திருந்தார்கள். கதவோ தலைக்கு மேலே. கோளத்தின் உச்சிக்கும் கூடத்தின் கூரை உத்தரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடமில்லை. ஏணி வைத்து ஏறினாலும் கதவைத் திறக்க முடியாது.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார் பெரிய டீச்சர்.

"சுத்தறவர் கொஞ்சம் ஓய்வெடுக்கிறார்."

வெயில் காலம். பன்னிரண்டு பேரின் மூச்சு. காற்று வரும் வழி, குத்தூசி அளவு ஓட்டைகள். கொஞ்ச நேரத்திலேயே செம்பின் வாசனையோடு வேர்வை வாசனையும் சேர்ந்து கனத்தது. ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. பெரிய டீச்சர் எழுந்து, "கதவத் திறங்க!" என்று கத்தியபடி ஒரு பக்கமாக நகர்ந்தார். தொங்கிய பலகை அந்தப் பக்கம் சாய்ந்தது. அதைத் தாங்கிய நான்கு இரும்புக் கம்பிகளில் ஒன்று முனகியது. பிள்ளைகள் வீரிட்டார்கள்.

"உக்காருங்க!"

அவள் அப்படிக் கத்தியதை அதுவரை யாரும் கேட்டதில்லை. பெரிய டீச்சரே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் உள்ளதச் சொல்லிடறேன். சக்கரம் ஒடஞ்சிருக்கு. ஒடயும்னு எனக்கு முன்னாடியே தெரியும். என்னத் திட்டறத வெளிய போய் வச்சுக்கலாம். இப்ப யாரும் எடத்த விட்டு எழுந்திருக்கக் கூடாது. நீங்க எழுந்தீங்கன்னா எல்லாப் பிள்ளைங்களும் எழுந்திரிக்கும். நீங்கதான் இங்க எனக்குத் துணை."

இருட்டில் டீச்சரின் முகம் தெரியவில்லை. பெரிதாக மூச்சு விட்டார். "சரி, சொல்லு," என்றார்.

வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரத்துக்கு அவள் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை போட்டிருந்தாள். கதவு உச்சியில் இருந்தால் அந்த ஓட்டை எங்கே இருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேற்குப் பக்கம், கால் பலகைக்கும் கீழே. அவள் பலகையில் குப்புறப் படுத்து, கால் பலகையின் சந்து வழியே தலையைத் தொங்கவிட்டு, ஓட்டையில் வாய் வைத்தாள்.

"மாமா! கேக்குதா?"

"கேக்குது. பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அங்க என்ன பண்றாங்க?"

"கொல்லன் உளியோட நிக்கிறான், தகட்ட வெட்டறேன்னு. முதலாளி விட மாட்டேங்கிறார்."

முதலாளியின் குரல் குறுக்கே வந்தது. "வெட்டுனா எல்லாம் போச்சு! கொஞ்சம் பொறுத்துக்கங்க, நான் யோசிக்கிறேன்!"

"வெட்ட வேண்டாம்," என்றாள் அவள். முதலாளிக்காகச் சொல்லவில்லை. குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டம் ஓடும் கோளம் அது. அதை வெட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். உளிச் சத்தத்தில் பிள்ளைகள் பலகையை விட்டுத் துள்ளிவிடும். "மாமா, இரும்பு நாக்கக் கழட்டுங்க. கதவுச் சட்டம் கனம். தானா பின்னால எறங்கி வரும்."



"எறங்காது, விழும்," என்றார் மாமா. "யாரு பிடிக்கிறது?"

"கோளத்தோட இடுப்பச் சுத்தி வடம் கட்டுங்க. அஞ்சு பேரு பிடிங்க. கதவு படிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்தணும். ஆனா நான் 'சரி'ன்னு சொன்னப்புறம்தான் கழட்டணும். உள்ள எல்லாரையும் தயார் பண்ணணும்."

சுழலும் இரும்புச் சட்டத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே ஒரு விரல்கூட முழுசாக நுழையாது. மெதுவாகச் சுழலும்போது அது பெரிய விஷயமில்லை. வேகமாக வந்தால் கத்தரிக்கோல்தான். அவள் தலையை நிமிர்த்தி, இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் காலத் தூக்கிப் பலக மேல வச்சுக்கங்க. சடைய முன்னால போட்டுக்கங்க. ரெண்டு கையும் நடுவுல இருக்கற பூமிய நோக்கி நீட்டுங்க. எட்டறவங்க பூமியப் பிடிங்க, எட்டாதவங்க அடுத்தவ கையப் பிடிங்க. வானம் இப்பப் பின்னால ஓடப்போகுது. ஓடட்டும். பூமிய மட்டும் யாரும் விடக் கூடாது."

"சித்தி," என்றது சின்னக் குரல். "நீ எதப் பிடிச்சுப்ப?"

"நானும் வந்துடறேன்டி."

பெரிய டீச்சர் அதற்குள் ஒவ்வொரு பிள்ளையாகத் தடவிப் பார்த்துச் சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "ஏழு... எட்டு... இது யாரு கால், தூக்கு மேல," என்று அவர் அதட்டியதைக் கேட்டு ஒரு பிள்ளைக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஓட்டைப் பக்கம் படுத்திருந்த அவள் எழுந்திருப்பதற்காக இடது கையைப் பலகை விளிம்பில் ஊன்றினாள்.

'சரி' என்று அவள் சொல்லவில்லை. அதில் மாமா கடைசிவரை உறுதியாக இருந்தார். வெளியே முதலாளிதான் பொறுக்க முடியாமல், "எத்தன நேரம்டா, தட்டுடா அத!" என்று கொல்லனைப் பார்த்துக் கத்தினார். கொல்லன் தட்டிவிட்டான்.

நட்சத்திரங்கள் எல்லாம் கோடுகளாயின. இரும்புச் சட்டம் ஒன்று பாய்ந்து வந்து அவள் விரல்களைப் பலகையோடு வைத்து நசுக்கிவிட்டு ஓடியது. கத்தியிருந்தால் பத்துப் பிள்ளைகளும் கையை விட்டிருப்பார்கள். தோள்துணியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். வெளியே வடம் கிறீச்சிட்டது. ஐந்து பேர் தரையில் கால் தேய இழுபட்டார்கள். கோளம் ஒரு தடவை முனகிக்கொண்டு நின்றது.

கதவு படிக்கட்டுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றிருந்தது. தாழ் திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"ஒருத்தர் ஒருத்தரா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தி, அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தி. பலக சாயக் கூடாது." பத்துப் பிள்ளைகளும் இறங்கினார்கள். மாமாவின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது; அதோடேயே மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். டீச்சர் இறங்கும்போது படி வழுக்கியது. குனிந்து பார்த்தார். ரத்தம்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. வைத்தியர் அன்று மாலையே எடுத்துவிட்டார்.

முதலாளி மூன்றாம் நாள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். அதிகாரி வருகையைப் பத்து நாள் தள்ளி வைத்திருப்பதாகவும், அதற்குள் உடைந்த பல்லை ஒட்டவைத்துவிடலாம், காயமும் ஆறிவிடும் என்றும் சொன்னார். இன்னொரு கதவு வெட்டி, சக்கரத்தையும் மாற்றினால்தான் வருவேன் என்றாள் அவள். வானத்தில் இரண்டு கதவு இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்று அவர் கேட்டார். அக்கா பழக்கூடையைத் தூக்கி அவர் கையில் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

அந்த வேலை போனது அவளுக்கு விரல் போனதைவிட வலித்தது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று தான் சொன்னது காதில் ஓயவே இல்லை. மாமா ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும்தான் தெரிஞ்சே சுத்துனேன். என் பிள்ள உள்ள இருக்கான்னு தெரிஞ்சே சுத்துனேன்," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எட்டாம் நாள் பெரிய டீச்சர் வந்தார். நாற்காலி தாங்குமா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல திட்டிடறேன். நீதான் வெளிய வச்சுக்கச் சொன்ன," என்றார். திட்டினார். நன்றாகவே திட்டினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். முடித்ததும் டீச்சர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு உருண்டை தூசி படிஞ்சு கெடக்கு. ஒண்ணு பூமி, ஒண்ணு வானம். எடுத்துச் சொல்ல ஆள் இல்ல. வர்றியா?"

"நான் பள்ளிக்கூடமே போனதில்லம்மா."

"அதனால என்ன? அந்தப் பத்துப் பிள்ளைங்களும் தெனமும் உன்னத்தான் கேக்குதுங்க."

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "அந்த வகுப்புக்கு எத்தன கதவு?"

"ரெண்டு கதவு, நாலு ஜன்னல். ஒண்ணு சாத்தவே வராது."

அடுத்த திங்களிலிருந்து போனாள். மற்ற ஆசிரியைகள் ஒரு வருடம் வரை அவளோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. கொப்பரைக்காரர் மகள் தங்களுக்குச் சமமா என்று. டீச்சர் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் வகுப்புக்கே வந்து உட்காரத் தொடங்கியபின் அந்தப் பேச்சு அடங்கியது. முப்பத்தொரு வருடம் அங்கே பூமியையும் வானத்தையும் சொல்லிக்கொடுத்தாள். புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சொல்வது அந்த இரண்டு உருண்டைகளின் குறைகளைத்தான். இந்தத் தீவு இங்கே இல்லை, இந்த ஆறு தப்பாக வளைகிறது, இந்த நட்சத்திரத்தை அச்சடித்தவர் மறந்துவிட்டார். தனக்குத் தெரியாததையும் அதோடு சேர்த்தே சொல்லிவிடுவாள். அதன்பிறகுதான் உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றி, பாடத்தைத் தொடங்குவாள்.