தண்ணீர் நின்றதும் பூத்த போகன்வில்லா

மலையிலிருந்து வரும் பைப்பில் தண்ணீர் நின்றுபோன அன்றைக்குத்தான், நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்கள அம்மாவும் வந்து இறங்கினார். பலாங்கொடைக்குப் போகும் ரோட்டில், ஓப்பநாயக்கவில் எங்கள் முதலாளியின் பூஞ்செடி நர்சரி இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நோனாவின் மகளுக்கு வீட்டிலேயே கல்யாணம். கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் பூத்த போகன்வில்லா வைக்க வேண்டும் என்று முன்பே ஆர்டர் கொடுத்திருந்தார். செடிச் சட்டிகளைச் சுற்றி வந்தவர், "மல் கோ?" என்றார். பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். செடிகள் பச்சைப்பசேலென்று என் தோள் உயரத்துக்கு நின்றன. ஒரு பூவைக் காணோம்.

"வந்துரும் நோனா, இன்னும் நாளிருக்குதானே" என்று முதலாளி சமாளித்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னம்மா செல்வி, தெனம் தண்ணி ஊத்துறோம், யூரியா போடுறோம், எலதான் தள்ளுது! இந்த ஆர்டர் போச்சுன்னா நம்மகிட்ட எவன் செடி வாங்குவான்?"

எனக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

தை மாச வெயில். கீழே ஓடையிலிருந்து வாளியில் தூக்கிவந்த தண்ணீர் அந்தூரியத்துக்கும் ஓர்கிட்டுக்குமே பத்தவில்லை. அதெல்லாம் வாடினால் திரும்பத் தலை தூக்காது. அதனால் தண்ணீரும் இல்லாமல், யூரியாவும் இல்லாமல் போகன்வில்லாவை விட்டுவிட்டோம். இலைகள் தொங்கின, பிறகு உதிர ஆரம்பித்தன. மனசு கேட்காமல், ரொம்ப வாடியதுக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுவேன். வேலை போய்விடும், மறுபடி கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மொட்டையாக நின்ற கிளையின் நுனியில் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அடுத்த சட்டியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்!

"முதலாளி! ஓடி வாங்க!"

"என்னம்மா, பாம்பா?"

"பாம்பில்லீங்க, மொட்டு! எல்லாச் சட்டியிலயும் மொட்டுங்க!"

தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தவர் தேத்தண்ணி சிந்துவதுகூடத் தெரியாமல் சட்டி சட்டியாகப் பார்த்தார். "அடேயப்பா, அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். சிவப்பு, ஒரேஞ், வெள்ளை என்று ஒவ்வொரு நாளும் நிறம் கூடிக்கொண்டே போனது.

கல்யாணத்துக்கு முதல் நாள் முதலாளி லொறியின் முன்னால் ஏற, பின்னால் சட்டிகளோடு நானும் உட்கார்ந்து போனேன். வளைவுக்கு வளைவு, "மெதுவா போங்கண்ணே!" என்று டிரைவரிடம் கத்தினேன். இறக்கி வைத்ததும் நோனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அனே, ஹரி லஸ்ஸனய்! ரொம்ப அழகு! என்ன பசளை, என்ன உரம் போட்டீங்க?"

நானும் முதலாளியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

தண்ணீரும் யூரியாவும் நின்றதால்தான் பூத்தது என்று அன்று தற்செயலாகத் தெரிந்ததைத்தான் இப்போது செடி வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறேன். வெயில் காலத்தில் போகன்வில்லாவை நல்ல வெயிலில் வையுங்கள். இலை லேசாகத் தொங்கினால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். யூரியா வேண்டாம். பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள். வைகாசி மழை தொடங்கினால் சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. அந்தூரியத்துக்கு இதெல்லாம் ஆகாது. அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி அன்பு காட்டக் கூடாது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது அந்த வறண்ட தை மாசம்தான்.