கிளச்சில் ஊற்றிய சுக்கான் எண்ணெய்

கிண்ணியாவில் சரீபைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மோட்டார் சைக்கிளைத் தெரியாதவர்கள் இல்லை. ஊரே சின்ன பைக்கில் சிக்கனமாக ஓடித் திரியும்போது, இந்த மனிதர் ஒரு பழைய யப்பான் இருநூற்றைம்பது சீசீ பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "இதில ஏறுறதுக்கு ஏணி வேணுமே!" என்றாள் மனைவி ஸல்ஹா. அவருக்கு அது காதில் விழவில்லை. நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, அப்போதே மனதுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

அவர் அப்படித்தான். அதிகாலைச் சுபஹ் தொழுதுவிட்டுப் பாலத்தில் ஏறினால், பனி மூடிய குடாக்கடல் ஒரு பக்கம், களப்பு மறுபக்கம், நடுவில் சரீப். துறைமுகத்தில் கிடக்கும் கப்பல்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதில் தன்னை ஏற்றிவிடுவார். கப்பல் மிதக்கும், பாலம் மிதக்கும், அவரும் மிதப்பார். பட்டினத்து இறங்குதுறைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று நாடுகளைப் பார்த்து முடித்திருப்பார். எதிரே வந்து சலாம் சொன்னவர்களைக் கேட்டால், அவர் பதில் சொல்லவில்லை என்று குறைப்படுவார்கள்.

ஆனால் படகில் கால் வைத்தால் அந்த மயக்கமெல்லாம் பறந்துவிடும். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகில் கயிற்றுக்காரர் அவர்தான். படகு துறையை அணையும்போது படகின் முன்முனையான அணியத்தில் நின்று கயிற்றை வீசி, தாவிக் குதித்து, துறைக் கட்டையில் சுற்றி இழுத்துக் கட்ட வேண்டும். இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு அவர் வீசிய கயிறு குறி தப்பியதில்லை. அவருடைய பெருமை முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

அதனால்தான் இடது கை இறுகத் தொடங்கியபோது அவர் பயந்துபோனார். மாரி காலத்துக் காலைகளில் விரல்கள் மடங்க மறுத்தன. பெரிய பைக்கின் கிளச் எப்போதுமே பாரம். இப்போது பட்டினத்துச் சந்திகளில் அதைப் பிடித்திருக்கையில் தோள்வரை வலித்தது. கை போனால் கயிறு போகும். கயிறு போனால் அந்தப் படகில் அவருக்கு என்ன வேலை? டிக்கெட் எடுத்துக்கொண்டு குந்தியிருக்கவா? இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கிளச்சையாவது இளக்கிக்கொள்வோம் என்று நினைத்தார். அந்தப் பைக்கின் கிளச்சுக்குக் கம்பி கிடையாது. கைபிடியருகே ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் எண்ணெய். பிடியை இழுத்தால் எண்ணெய் போய்க் கிளச்சைத் தள்ளும். படகின் சுக்கானும் அப்படித்தான் வேலை செய்தது. அது இறுகினால் படகோட்டும் தண்டையல் அப்துல் மஜீத் ஒரு தகரத்திலிருந்து கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார். பிறகு ஒரு விரலால் படகைத் திருப்பலாம். அங்கே இளக்கிய எண்ணெய் இங்கே இளக்காதா? சரீப் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி, கிண்ணத்தில் கறுத்துக் கிடந்ததை ஒற்றி எடுத்துவிட்டு ஊற்றினார்.

முதல் சில நாட்கள் தேவலோகம்தான். பிடி பூப்போல வந்தது. அல்லது வந்ததாக அவருக்குத் தோன்றியது. ஆசைப்பட்ட கைக்கு எல்லாம் மிருதுவாகத்தான் இருக்கும். பாலத்தில் வாய்விட்டுப் பாடினார்.

பிறகு அது இறுகத் தொடங்கியது. நாளுக்கு நாள் இறுகியது. பைக்கில் பழுது என்று அவர் நினைக்கவே இல்லை. மருந்து ஊற்றியும் இழுக்க முடியவில்லை என்றால் கைதான் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். ஒருநாள் காலை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். பிடி அசையவில்லை. பஸ் ஏறிப் போய், அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் அப்துல் மஜீதின் முன்னால் நின்றார்.

"நானா, இனி என்னால ஏலாது. கை போயிட்டுது."

"விசரா உனக்கு? நேற்று ஒரே வீச்சில கட்டினாயே!"

"நேற்றுக் கட்டினன். நாளைக்குத் தவறினா ஆக்கள் தண்ணிக்குள்ள விழுவாங்க."

அதற்கு மேல் நிற்காமல் திரும்பி நடந்தார்.

வீட்டில் இருந்த நாட்களில் கனவுகூட வரவில்லை. ஸல்ஹா துவைத்த போர்வையை அவர் பிழிந்து கொடியில் போட்டார். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒரு முறுக்கில சொட்டுத் தண்ணி இல்லாமப் பிழிஞ்சிருக்கிறீங்க. கையேலாத ஆள் செய்யிற வேலையா இது? அந்தப் பைக் சனியனைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

பைக்கைச் சின்ன லொறியில் ஏற்றி, உப்புவெளியில் கராஜ் வைத்திருக்கும் தனஞ்சயனிடம் கொண்டுபோனார். தனஞ்சயன் பிடியை இழுத்தான், பல்லைக் கடித்தான், கையை உதறினான்.

"இது மாடு கட்டி இழுத்தாலும் வராது நானா. என்னத்த ஊத்தினீங்கள்?"

"படகுச் சுக்கான் எண்ணெய்."

தனஞ்சயன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிரித்தான். "இதுக்குப் பிரேக் ஒயில் மட்டும்தான். மற்ற எண்ணெய் பட்டால் உள்ளுக்கு இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் பிஸ்டனை இறுக்கிப்போடும்."

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புது ரப்பர் போட்டான். உப்புக்காற்றுத் தின்ற பிடியின் ஆணியையும் மாற்றினான். பழையதைவிட ஒடுங்கிய பிஸ்டன் உள்ள கைபிடி ஒன்றை வேறொரு பைக்கிலிருந்து எடுத்துப் பூட்டினான். "கொஞ்சம் கூட உள்ளுக்கு இழுக்கவேணும். ஆனா பாரம் குறைவு. பிடிச்சுப் பாருங்கள்."

சரீப் இரண்டு விரலால் இழுத்தார். வந்தது. விட்டார். மறுபடியும் இழுத்தார். கை சாகவில்லை, மாரிக்குக் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த கணம் படகு நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தானே விட்டுவிட்டு வந்தாயிற்றே!

பைக்கை நேரே இறங்குதுறைக்கு விட்டார். படகு வந்துகொண்டிருந்தது. சுக்கானை இயந்திரக்காரனிடம் விட்டுவிட்டு, அணியத்தில் கயிற்றோடு நின்றது அப்துல் மஜீத். வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது. இழுத்தெடுத்து மறுபடியும் வீசினார். சரீப் அதைப் பிடித்துக் கட்டையில் சுற்றிக் கட்டினார்.

"காய்ச்சல் விட்டுட்டுதா?" என்று கேட்டார் தண்டையல்.

"எனக்கெங்க நானா காய்ச்சல்?"

"முதலாளிட்ட அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன். வேற ஆளைப் போடச் சொல்லி நிற்கிறார். சரீப் நாளைக்கு வந்திருவான், நாளைக்கு வந்திருவான் எண்டு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோச்சு."

எண்ணெய்க் கதையைச் சரீப் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அப்துல் மஜீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை வருசமாக் கயிறு சொன்னதை விட்டுட்டு அந்த இரும்பு சொன்னதை நம்பினியா? இஞ்ச பார்!"

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கயிறு உராய்ந்து தோல் உரிந்து, சிவந்து, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தது.

தன் கையைப் பற்றியே நினைத்து நினைத்துப் படுத்திருந்த நாட்களெல்லாம் சரீபுக்கு வெட்கமாக முன்னால் வந்து நின்றன.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? அணியத்துக்குப் போ. ஆக்கள் ஏறப்போறாங்க."

"ஓம் நானா," என்று சரீப் கயிற்றை எடுத்தார். அழுகை வந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை.