பெருக்கி வைத்த அறை

தண்ணி மேஸ்திரி என்று அவருக்குப் பெயர். பாவம், மனுஷன் பீரைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை. பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கழற்றுகிற வேலை. ஷீட்டை நன்றாக நனைக்காமல் ஒரு போல்ட்டில்கூட யாரையும் கைவைக்க விடமாட்டார், அதனால் வந்த பெயர். அது காய்ந்து உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், மூச்சோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். போகிற இடமெல்லாம் பதினெட்டு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. "அட போங்க மேஸ்திரி, எங்க தாத்தா இதுக்குக் கீழதான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு" என்பார்கள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஊரார் தலைக்கு மேல் இருந்ததையெல்லாம் கழற்றியவருக்கு ஒரே ஒரு கூரை மட்டும் அகப்படவில்லை. அக்கா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக் கூரை. அப்பா அம்மா போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரை வளர்த்த அக்கா, இருபத்தாறு வருஷமாக அங்கே பெருக்குகிறாள். அந்தக் கூரை பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. "வேலையை விட்டுடுக்கா" என்றால், "விட்டுட்டு? உன் வீட்டுல உட்கார்ந்து உன் பொண்டாட்டி மூஞ்சியப் பார்க்கவா?" என்று சிரிப்பாள். நாலு வருஷம் தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்து, இந்த விடுமுறையில்தான் ஒருவழியாக அனுமதி வாங்கினார். அக்காவுக்கு ஒன்று ஆவதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

முந்தின நாளே ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினார். வாசலில் குறுக்கே நாடா கட்டி, 'உள்ளே வராதீர்கள்' என்று பலகையும் மாட்டினார். மறுநாள் காலை ஆட்களோடு வந்தால், நாடா அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறது. உள்ளே அக்கா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நிற்கிறாள். மூடின அறை முழுக்கப் புழுதி.

"வாடா. நீ வேலைக்கு வர்ற இடம் குப்பையா கிடக்கலாமா? மூலை முடுக்கெல்லாம் பெருக்கி வெச்சுட்டேன்."

"பலகை போட்டிருந்தேனேக்கா!"

"அது வெளியாளுக்குடா. நான் வெளியாளா?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யார் மேல் காட்டுவது? தம்பிக்கு நல்லது செய்கிறேன் என்று விடியலில் எழுந்து வந்தவள் மேலா? கத்துவதற்கும் அவருக்குத் தெம்பில்லை. தன் முகமூடியை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அவளுக்கு மாட்டிவிட்டு, வெளியே கூட்டிவந்தார். "உதறாதே, உதறாதே" என்று கெஞ்சிக்கொண்டே புடவையில் தண்ணீர் தெளித்தார். ஈரத்துணியால் தலை, கை, கால் எல்லாவற்றையும் துடைத்தார்.

"கூச்சமா இருக்குடா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. அது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து இருமினாள்.

"பார்த்தியா, தூசு உள்ளே போயிடுச்சு. உட்காருக்கா."

"இன்னிக்கு வந்தது இல்லடா. இது பழசு."

"எவ்வளவு பழசு?"

அவள் மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. உன்கிட்ட சொன்னா வேலைக்குப் போகவிட மாட்டே. அதான் உன் வீட்டுக்கு வர்றப்பல்லாம் அடக்கிப்பேன்."

அவருக்கு அழுகை வந்தது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆட்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். "ஆரம்பிக்கலாமா மேஸ்திரி?" என்று ஒருவர் கேட்டார்.

அக்காதான் முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள்: "ஆரம்பிங்கப்பா. இதுக்காக எவ்வளவு அலைஞ்சான் தெரியுமா?"