கடல் வற்றிய மத்தியானம்

மெல்பேணில் மீனுக்குத் தலை கிடையாது என்று நான் ஊருக்குக் கடிதம் எழுதியது எழுபதுகளின் நடுவில். நாங்கள் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கடையில் விற்றதெல்லாம் தோலும் முள்ளும் இல்லாத வெள்ளைத் துண்டுகள். குழம்பு வைத்தால் சட்டிக்குள்ளேயே கரைந்து கஞ்சியாகிவிடும். என் கணவர் வாய் திறந்து குறை சொல்லமாட்டார். சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைப்பார். அந்தத் தள்ளலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் இவர் வேலையிடத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். காரில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், வெஸ்டர்ன் போர்ட் குடாக் கரையில், ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். அங்கே மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஒரு பெண்மணி உள்ளூர் மீனவர் ஒருவரை மணந்துகொண்டு வாழ்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் மேசை போட்டு முழு மீன் பொரித்துத் தருவாராம். தலையோடு, பச்சை மிளகாயோடு. இவருக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்றால் கிரிக்கெட்தான். போகும் வழியெல்லாம், தான் கண்டறியாத தீவுகளின் பெயர்களை எனக்கும் ஐந்து வயது மகளுக்கும் ஒப்புவித்துக்கொண்டே கார் ஓட்டினார்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மீனைக் கீறி, தேசிக்காய்ப் புளியும் உள்ளியும் பச்சை மிளகாயும் எனக்குப் பெயர் தெரியாத ஒரு வாசனை இலையும் சேர்த்து அரைத்துக் கீறலுக்குள் திணித்துப் பொரித்திருந்தார் அந்தப் பெண்மணி. பக்கத்தில் சோள மாவில் வெண்டிக்காய் போட்டுக் கிண்டிய களி. கையால் சாப்பிடலாமோ என்று நாங்கள் தயங்குவதைப் பார்த்துவிட்டு, தானே ஒரு மீனை எடுத்துப் பிய்த்துத் தின்று காட்டினார். தன் ஊரில் வள்ளங்கள் வந்ததும் பெண்கள் மணலிலேயே அடுப்பு மூட்டுவார்கள் என்றும், மீன் தலைக்குத்தான் வீட்டில் சண்டை வரும் என்றும் சொன்னார். உலகத்தின் மறுபக்கத்திலும் மீன் தலைக்குச் சண்டை போடும் சனம் இருக்கிறது என்பது, பத்து மாதத்தில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

நாங்கள் வந்தபோதே கடல் கரையைவிட்டுச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. சாப்பிட்டு நிமிர்ந்தபோது அது வெகுதூரம் போய்விட்டிருந்தது. எங்கும் பழுப்புச் சேறும் மணல் திட்டுகளும் குட்டிக் குட்டிக் குட்டைகளும்.

"எங்கட பண்ணைக் கடல் மாதிரியே கிடக்கு," என்றார் இவர். "முழங்காலுக்கு மேல தண்ணி வராது. பிள்ளைக்கு நண்டு காட்டிப்போட்டு வாறன்."

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் காலையில் முழங்கால் அளவு தண்ணீர் என்றால் பின்னேரமும் ஏறக்குறைய அதே அளவுதான். கடல் என்று எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றே. மீன் பிடித்தவர்கள் அல்ல, வாங்கித் தின்றவர்கள் நாங்கள். ஆனாலும் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணத்துக்குக் குறைவில்லை.

நான் தடுத்திருக்கலாம். மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தே என் மீன் ஆறிப்போயிருந்தது. இன்னொரு மீனை நிம்மதியாக, தனி ஆளாக இருந்து தின்ன எனக்கு ஆசை. "ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை," என்று வேறு சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அந்த இரண்டாவது மீன் முடியும் நேரத்தில் பெண்மணி குசினிக்குள் இருந்து வெளியே வந்தார்.

"உன் கணவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எண்ணெய்க் கையால் கடலைக் காட்டினேன். தூரத்தில் ஒரு மணல் திட்டில் இரண்டு உருவங்கள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவர் முகம் மாறிவிட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு தாளில் விரலை ஓட்டினார். அதை நான் பஸ் நேர அட்டவணை என்று நினைத்திருந்தேன். கடல் வற்றும், பெருகும் நேரங்கள் அதில் இருந்தன.

"தண்ணீர் திரும்பி ஒரு மணி நேரமாகிறது," என்றார். "என் ஊரில் கடல் நின்ற இடத்தில்தான் நிற்கும். வந்த புதிதில் நானும் இப்படித்தான் நடந்துபோனேன். இங்கே தண்ணீர் முன்னால் வராது, முதுகுக்குப் பின்னால் வரும்."

அப்போதுதான் பார்த்தேன். கரைக்கும் அவர்களுக்கும் நடுவில் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடந்துபோன ஒரு வாய்க்கால் இருந்தது. அது இப்போது ஒரு தெருவின் அகலத்துக்கு நிரம்பியிருந்தது. அலை இல்லை, நுரை இல்லை, சத்தம்கூட இல்லை.

அவர் கரையில் கிடந்த சின்ன வள்ளத்தை இழுத்துக்கொண்டே சொன்னார், "அவரைக் கூப்பிடு. அந்தத் திட்டைவிட்டு அசையக்கூடாது. வாய்க்காலில் இறங்கினால் சேறு காலை விடாது."

"இஞ்சாருங்கோ," என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கத்தினேன். மூன்று தரம், நான்கு தரம். இவர் திரும்பவில்லை. மகளின் பெயரைக் கத்தினேன். அது இரண்டெழுத்துப் பெயர், கடற்பறவைகளின் கீச்சுச் சத்தத்தோடு கலந்துபோயிற்று. இவர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார். இன்னும் குனிந்தபடி, நண்டைத் தேடிக்கொண்டு.

"இஞ்சாருங்கோவா அவர் பெயர்?" என்றார் பெண்மணி. "பெயரைச் சொல்லிக் கூப்பிடு."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் எழுதிக் காட்டுவேன். புருஷனின் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கரையில் நின்றபோது நம்பினேன். சொன்னால் இவர் செத்துவிடுவார், சொல்லாவிட்டாலும் செத்துவிடுவார், பிள்ளையும் கூடவே போய்விடும். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

பிறகு சொன்னேன். முழுப் பெயரையும், கடைசி எழுத்து வரைக்கும், தொண்டை கிழியக் கத்தினேன்.

இவர் அடி வாங்கியவர் போலத் திரும்பினார். தண்ணீரைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் நீட்டி, வரவேண்டாம், நில்லுங்கோ என்று காட்டினேன். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திட்டின் உச்சியில் போய் நின்றார்.

வள்ளத்தைச் சேற்றில் இழுத்துத் தண்ணீருக்குச் சேர்க்கவே வெகுநேரம் பிடித்தது. பெண்மணி துடுப்புப் போட, வள்ளம் போகப் போகத் தண்ணீரும் ஏறியது. முதலில் இவருடைய செருப்பு மறைந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. மகள் இதை விளையாட்டு என்று நினைத்து எனக்குக் கை காட்டினாள். நானும் கை காட்டினேன், சிரிக்கவும் செய்தேன். நான் அழுதால் அவள் பயந்து தோளிலிருந்து சரிந்துவிடுவாள் என்று பயம். விரலில் ஒட்டியிருந்த மீன் எண்ணெயைச் சேலையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே பிசினாகிப்போனது. பிள்ளையை மட்டுமாவது தா என்று கடவுளிடம் கேட்க வாய் வந்தது. அப்படிக் கேட்டால் இவரைக் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும் என்று அதையும் விழுங்கினேன்.

வள்ளம் சேர்ந்தபோது தண்ணீர் இவர் நெஞ்சில் நின்றது. முதலில் பிள்ளையை ஏற்றினார்கள். இவர் ஏறும்போது வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மூன்று தலைகள் தெரிந்தன. எத்தனை தரம் எண்ணினேன் என்று சொல்லமுடியாது.

அந்தப் பெண்மணி எங்களைத் திட்டவில்லை. மகளைக் கம்பளியால் சுற்றி, இவருக்கு, கடலுக்குப் போயிருந்த தன் புருஷனின் காற்சட்டையைக் கொடுத்தார். அந்தத் தாளில் எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தார்.

காருக்குள் மகள் உடனே நித்திரையாகிவிட்டாள். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். காரைக் கிளப்பவில்லை.

"அம்மா கூப்பிட்ட மாதிரிக் கேட்டது," என்றார். மாமி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. "அவதான் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுறவ. கூட்டிக்கொண்டு போக வந்திட்டா எண்டு நினைச்சன். அதுதான் பயந்து திரும்பினனான்."

"அது நான்," என்றேன்.

"நீரோ?"

"ஓம்."

இவர் சாவியை மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்கால் சொல்லும் பாப்பம்," என்றார்.

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன்.

"மாட்டன்," என்றேன். "எனக்கு நீங்கள் வேணும்."