வரிசையில் நிற்காத மூலக்கூறுகளும் இனோகுமா சதாயேவும்

ஹரிமா மலையில் இருக்கும் எக்ஸ்ரே லேசர் கூடத்தில் சதாயேவுக்கு வேலை, காற்றை வெளியேற்றுவது. எஃகுக் கலன்களில் ஒரு பொட்டுக் காற்று மிஞ்சாமல் பம்புகளை ஓட்டுவாள். அதற்கு முன் பதினோரு வருஷம் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்த்தவள். பேராசிரியர்களோடு ஒப்பிட்டால் மீன் தேவலை, பேசாது என்பது அவள் கட்சி.

அந்த இலையுதிர்காலத்தில் பேராசிரியர் குருஷிமாவுக்கு அந்த எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்த மூன்று நாள் கிடைத்தது. இரண்டு வருஷக் காத்திருப்பு. அயோடின் ஒட்டிய மூலக்கூறுகளை ஊசித்துளை வழியாக வாயுவாகப் பீய்ச்சி, லேசரால் எல்லாவற்றையும் ஒரே திசையில் நிமிர்த்தி, எக்ஸ்ரேயால் அடித்து எலக்ட்ரானைப் பிடுங்குவது அவர் திட்டம். எலக்ட்ரான் பறக்கும் திசைகளை வைத்து மூலக்கூறின் உருவத்தைச் சொல்லிவிடலாம். அவை ஒழுங்காக நின்றால் திரையில் இதழ் இதழாகப் படம் விழும். நிற்காவிட்டால் வெறும் வட்டம்.

இரண்டு நாளாக வட்டம்தான் விழுந்தது. குருஷிமா லேசரைத் திட்டினார், கணினியைத் திட்டினார், கடைசியில் அயோடினையே திட்டினார்.

சதாயேவுக்குக் காரணம் தெரியும். முதல் நாள் அமைச்சகத்து ஆட்கள் வந்தபோது பம்பு உறுமல் தன் பேச்சை அமுக்குகிறதென்று குருஷிமாவே வாயு அழுத்தத்தைக் குறைத்தார்; உள்ளே வரும் வாயு குறைந்தால் பம்பும் அடங்கும். ஏற்ற மறந்துபோனார்.

அன்று மதியமே அவள் சொல்லிப் பார்த்தாள். "சென்செய், அழுத்தம் கம்மியா இருக்கு. வாயு வேகமா விரிஞ்சாத்தானே குளிரும்? சூடா இருந்தா மூலக்கூறுங்க சுத்திக்கிட்டேதான் கெடக்கும்."

"இனோகுமா-சான், பம்பு உங்களோடது. வாயு என்னோடது."

மூன்றாம் நாள் காலை அவர் ஊதோன் நூடுல்ஸ் சாப்பிடக் கீழே போனார். சதாயே வாயு அழுத்தத்தின் குமிழைப் பார்த்தாள். தொட்டால் வேலை போகலாம். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திருகிவிட்டாள். பம்பு உறுமியது. கால் மணி நேரத்தில் வட்டம் பிளந்து இரண்டு இதழாயிற்று.

திரும்பி வந்த குருஷிமா திரைமுன் நின்றுவிட்டார். "பாத்தீங்களா? நேத்து நான் லேசர சரி பண்ணினது இப்பத்தான் வேலை செய்யுது."

"லேசர் இல்ல சென்செய். உங்க வாயுவ நான் ஏத்திட்டேன்."

அவர் அழுத்தமானியைப் பார்த்தார். காது சிவந்தது. அவளைத் திட்டப்போகிறார் என்று அங்கிருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவரோ இடுப்பை வளைத்து, வழுக்கை தெரியும்வரை குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்றார், குனிந்தபடியே.

"ஏத்தலாம். பம்பு சத்தம் போடும்."

"போடட்டும்."

மறுவருஷம் கட்டுரை வந்தது. முப்பத்தொரு பெயர்களில் இருபத்துமூன்றாவது அவளுடையது. சோமென் நூடுல்ஸ் ஆலையில் மாவு பிசையும் அவள் கணவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல நீ என்ன பண்ணின?"

"குழாயத் தொறந்தேன்."

"அதுக்கா இவ்வளவு பக்கம்?" என்றான். ஆனாலும் ஆலைக்கு ஒரு பிரதி எடுத்துப்போனான்.