நான் கைப்பிரேக்காக இருந்த காலம்

லொறியின் பின்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டப் போவதாக என் கணவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். சவர்க்காரமும் பற்றரியும் கண்ணில் படாத நாட்களில், ஓடிக்கொண்டிருக்கிற ஒரே லொறியையும் இவர் கழற்றப் போகிறாரே என்று பதறினேன்.

"இருக்கிறதையும் உடைச்சுப்போட்டு என்னத்தைப் பூட்டப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"இருக்கிறது பிடிக்கேல்லையே. பேந்து என்ன செய்யிறது?" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் சின்ன லொறி தினமும் காலையில் அரியாலைக் கரைக்குப் போகும். அங்கே பரவைக்கடல் முழங்கால் ஆழம்தான். நீர் வற்றிய நாட்களில் வள்ளங்கள் கரைவரை வரமாட்டா. அதனால் கற்கள் கொட்டிய இறக்கத்தில் லொறியைப் பின்பக்கமாக இறக்கி, பின்சில்லுகள் தண்ணீருக்குள் நிற்க, இவரும் வள்ளக்காரரும் மீன் கூடைகளை ஏற்றுவார்கள். ஐஸ் என்ற பொருளையே மறந்திருந்தோம். வெயில் ஏறுமுன் மீன் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய பிழைப்பு நாறிவிடும். லொறியை அவர் ஓட்டுவார், பக்கத்தில் இருந்து போய்ச் சந்தையில் மீனை நான் விற்பேன்.

உப்புத்தண்ணீரும் மணலும் பின்சில்லுகளின் பிரேக் ட்ரம்முக்குள் புகுந்துவிடும். ட்ரம் ஒரு மூடிய சட்டி. உள்ளே போனது லேசில் வெளியே வராது. கரையிலிருந்து ஏறி வந்து முதல் முறை பிரேக்கை மிதித்தால் லொறி கேட்ட பாவனையே காட்டாது. ஒருநாள் சந்தியில் ஒரு பசுமாடு குறுக்கே படுத்திருந்தது. இவர் மிதித்தார், பிடிக்கவில்லை. லொறியைத் திருப்பி ஒரு வீட்டு வேலிக்குள் விட்டார். கிடுகு வேலி சரிந்து விழுந்தது. மாடு எழும்பவேயில்லை. வேலிக்காரியிடம் ஏச்சு வாங்கியது நான்தான்.

ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூக்கள் தேய்ந்து போயிருந்தன. புதியவை வாங்க வழியில்லை. என் அண்ணன் மெக்கானிக். ஷெல் விழுந்து பின்பாகம் நொறுங்கிய கார் ஒன்றின் முன்சில்லுகளில் டிஸ்க் பிரேக் நல்லபடியாக இருக்கிறது, அதைக் கழற்றி எங்கள் லொறிக்குப் பின்னால் பூட்டலாம் என்று யோசனை சொன்னான். டிஸ்க் என்பது திறந்த தட்டு. தண்ணீரும் மணலும் சுழற்சியிலேயே தெறித்துப் போய்விடும்.

எங்கள் வீட்டு வளவில் லொறி கட்டைகளின் மேல் ஏறியது. தட்டில் இருந்த ஓட்டைகள் எங்கள் சில்லுக்குப் பொருந்தவில்லை. புதிதாகத் துளைத்தார்கள். இறுக்கிப் பிடிக்கிற பாகத்தைத் தாங்க, தடித்த இரும்பில் ஒரு பட்டை வெட்டினார்கள். ஒயில் குழாயை வளைத்து வளைத்து அண்ணன் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், ஒண்டு சொல்லவேணும். கைப்பிரேக் இனி இராது" என்றான்.

கைப்பிரேக்கின் கம்பி அந்தப் பழைய ட்ரம்முக்குள் இருந்த சூக்களைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. ட்ரம் போனால் அதுவும் போய்விடும்.

"யாழ்ப்பாணத்திலை மேடு எங்கை கிடக்கு, கைப்பிரேக் பிடிக்க?" என்றார் இவர்.

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான். எங்கள் ஊர் தோசைக்கல்போலத் தட்டை. கைப்பிரேக்கை யார் பிடித்தார்கள்? நிறுத்துவோம், கியரைப் போடுவோம், சில்லுக்கு ஒரு கல்லை வைப்போம், போவோம். கழற்றிய ட்ரம்களில் ஒன்று வெடித்திருந்தது. நல்லதாக இருந்த மற்றதை நான் எடுத்துக்கொண்டுபோய்க் களிமண் பூசி அடுப்பாக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஓர் அடுப்பு எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை. ஒரு பிடி சுள்ளியில் சோறு பொங்கிவிடும்.

அடுத்த நாள் கரையில் லொறி இறக்கத்தில் நின்றபோதுதான் செய்த பிழை விளங்கியது.

அந்தக் காலத்தில் எங்கள் லொறியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் என்ஜின் கிளம்பாது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் ஊற்றித்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பெற்றோல் பொன்னுக்குச் சமம். ஆகவே காலையில் ஒருமுறை கிளப்பினால் வேலை முடியும்வரை யாரும் என்ஜினை நிறுத்தமாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினில் கியரைப் போட்டுவிட்டு இறங்க முடியுமா? அத்தனை நாளும் அந்த இறக்கத்தில் லொறியைப் பிடித்து வைத்திருந்தது கைப்பிரேக்தான். ஊர் முழுக்கத் தட்டை, உண்மை. ஆனால் எங்களுக்குச் சோறு போட்ட அந்த ஓரிடம் மட்டும் சரிவு.

இவர் பழக்கத்தில் கைப்பிரேக்கை இழுத்தார். பிடி சும்மா மேலே வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சேரும், இஞ்சாலை தள்ளி வந்து உந்தப் பிரேக்கை ஒருக்கா மிதிச்சுக்கொண்டிரும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நல்ல பிரேக் வேண்டும் என்று போய், கடைசியில் நானே கைப்பிரேக் ஆனேன்.

தினமும் அதுதான் வேலை. அவர் பின்னால் தண்ணீருக்குள் நிற்பார். நான் முன்னால் ஏறி இருந்து பிரேக்கை மிதித்தபடி இருப்பேன். பனங்குத்தியைச் சில்லுக்கு அடை கொடுத்துப் பார்த்தோம். பாசி பிடித்த கல்லில், ஓடுகிற என்ஜினின் அதிர்வில், அது மெல்ல வழுக்கிக்கொண்டு போனது. வள்ளக்காரர்களுக்கு நல்ல பகிடி. "அக்கா இண்டைக்கும் டிரைவரோ?" என்பார்கள். "ஓம், வந்து ஏறுங்கோ, பருத்தித்துறைக்கு விடுறன்" என்பேன். சிரித்தேனே தவிர உள்ளுக்குள் பயம் தின்றுகொண்டிருந்தது. அதிக நேரம் மிதித்திருந்தால் அந்தப் பிரேக் காலுக்குக் கீழே மெல்லத் தாழும். உள்ளே ஒரு றப்பர் பழசு, மாற்ற வேறு இல்லை என்று அண்ணன் கைவிரித்துவிட்டான். தாழ்ந்தால் சட்டென்று காலைத் தூக்கித் திரும்ப மிதிக்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் லொறி விரற்கடை பின்னால் போகும். பின்னால் அவர்.

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொன்னேன்.

"நீர் மிதிப்பீர்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒருநாள் நல்ல மீன்பாடு. கூடைகள் நிறைய. சுமை ஏற ஏறப் பிரேக் வேகமாகத் தாழ்ந்தது. தூக்கி மிதித்தேன், பிடிக்கவில்லை. இன்னொருமுறை மிதித்தேன். அதற்குள் லொறி பின்னால் நகர்ந்துவிட்டது. தண்ணீரில் பெரிதாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மூன்றாவது மிதியில் பிடித்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன்.

அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு முன் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கதவைத் திறந்து பார்த்தால் தலையிலிருந்து தண்ணீர் வடிய எழும்பி நிற்கிறார். பின்பலகை தோளில் தட்டி விழுத்தியிருக்கிறது. சுற்றிவர மீன்கள் மிதந்தன. "என்னை முழுக வாத்துப்போட்டீர்" என்று சிரித்தார். பிறகுதான் என்ஜின் நின்றதைக் கவனித்தார். "ஐயோ, ஏன் நிப்பாட்டினீர்? போத்திலிலை பெற்றோல் கொஞ்சம்தானே கிடக்கு!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "பெற்றோலோ? உங்களை நான் நசிச்சுச் சாகடிச்சிருந்தால் பெற்றோலை வைச்சு என்ன செய்யிறது?" என்று கத்தினேன். அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன். யாரும் பகிடி பண்ணவில்லை.

அன்றைக்கே அண்ணன் வந்தான். கைப்பிரேக் இல்லாமல் இனி லொறி கரைக்குப் போகாது என்று சொல்லிவிட்டேன். அவன் கீழே புகுந்து வெகுநேரம் கிடந்துவிட்டு வெளியே வந்தான்.

"பின்சில்லிலை இடமில்லை. கியர்பொக்ஸுக்குப் பின்னாலை சுழலுற தண்டு இருக்கெல்லோ, அதிலை ஒரு ட்ரம் பூட்டலாம். உயரத்திலை இருக்கு, தண்ணி படாது. தண்டைப் பிடிச்சால் சில்லும் நிக்கும். நிண்ட லொறியைப் பிடிக்கத்தானே, தேய்ஞ்ச சூவும் போதும். அந்தப் பழைய ட்ரம் எங்கை?"

இரண்டு ஆண்களும் குசினிப் பக்கம் பார்த்தார்கள். அடுப்பில் சோறு அரைவேக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கி வைத்தேன். தண்ணீர் தெளித்து, ஆறவிட்டு, களிமண்ணை நானே உடைத்தேன்.

"சோறு?" என்று அண்ணன் கேட்டான்.

"கஞ்சியாக் குடியுங்கோ."

அண்ணன் அதைக் கடைசலில் கொடுத்துச் சீராக்கித் தண்டில் பூட்டினான். பழைய கம்பியை வெட்டி அதனோடு இணைத்தான்.

மறுபடியும் கரைக்குப் போன காலையில் இவர் கைப்பிரேக்கை இழுத்தார். கடகடவென்று பல் பல்லாக ஏறி நின்றது. "இனி நீர் இறங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இடம் மாறி இருந்து காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தேன். பிறகு கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு எடுத்தேன். என்ஜின் ஓடியது, லொறி அசையவில்லை.

இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். அவருக்குப் பக்கத்தில் நின்று கூடையின் மற்றப் பிடியைப் பிடித்தேன். அந்த இடத்தில் அதுவரை நான் நின்றதேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பின்பலகையும் கூடைகளும்தான் தெரிந்தன. முன்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இத்தனை மாதமும் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"இஞ்சை நிண்டால் நான் இருக்கிறது தெரியாதே?" என்றேன்.

"தெரியாது."

"அப்ப நான் மிதிக்கிறனோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் கூடையைத் தூக்கினார்.

"நீர் இருக்கிறீர் எண்டு தெரியும். பிடியும், மீன் பழுதாப் போகுது."