டெஸ்மண்டின் தாகம்

நியாலாஸிலிருந்து குருபோங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை டெஸ்மண்ட் பல வருடங்களாக ஓட்டுகிறார். நேரம் தவறாதவர் என்று பெயர் வாங்கியவர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு எழுந்தாரே, அதற்குப் பிறகு அந்தப் பெயர் போயிற்று. அப்படியொரு தாகம். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் உள்ளே போகும். போனது சும்மா இருக்குமா? எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் வந்தாலே, மரத்து மறைவுக்கு அவர் ஓடுவதற்காகப் பஸ் ஓரங்கட்டும்.

இது இனிப்புநீர்தான், நீரிழிவுதான் என்று மனைவி ஜெயமேரி முடிவுகட்டினார். தேநீரில் சீனி போடுவது நின்றது, தினமும் பாகற்காய்ச் சாறு வந்தது. கிளினிக்கில் ரத்தத்தைச் சோதித்தால் சீனி அளவாகவே இருந்தது. வாய் கசந்ததுதான் மிச்சம். அதற்குள் பஸ் தாமதமாகிறதென்று தொழிற்சாலையில் முணுமுணுப்பு கிளம்பியது. வேலை போய்விடுமோ என்று டெஸ்மண்ட் பயந்தார்.

நோய் பிடிபடாவிட்டால் நம்மவர்களுக்கு இருக்கவே இருக்கிறது நேர்த்தி. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடியும்வரை சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார். பாதி வழியில் நாக்கு உலர்ந்து, கண் இருட்டிச் சுருண்டு விழுந்தார்.

விழுந்ததும் நல்லதாகப் போயிற்று. மருத்துவமனையில் டாக்டர் தேவிஸ்ரீ அந்தத் தலைக்காயத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். சோதனைகள் முடிந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மூளையின் நரம்பணுக்கள் நியூரோபெப்டைடு என்னும் சின்னஞ்சிறு புரதத் துணுக்குகளைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்லும். அடிபட்டதில் டெஸ்மண்டுக்கு அது சுரப்பது குறைந்துவிட்டது.

"இது இனிப்புநீரே இல்லைங்க. மூளை செய்யிற அந்தச் சரக்கு மாதிரியே மாத்திரை இருக்கு. ஆனா அதப் போட்டுட்டு பழையபடி தண்ணி குடிக்காதீங்க, அதுவும் ஆபத்து."

மாத்திரை ஒரு பயறளவுதான். அதன்பின் பஸ் செம்பனைத் தோட்டத்தை நிற்காமல் கடந்தது. கர்த்தருக்கும் டாக்டருக்கும், அந்த மாத்திரையைக் கண்டுபிடித்த முகம் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே டெஸ்மண்ட் நன்றி சொன்னார்.

ஒருநாள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் சேகரன் பஸ் பக்கம் வந்தார்.

"பஸ் இப்பல்லாம் டைமுக்கு வருது. மங்களம் அக்காவுக்கு உடம்பு சரியாயிருச்சா?"

டெஸ்மண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. முன் சீட்டில் அதிகம் பேசாமல் வரும் மங்களம், தனக்குத்தான் வழியில் அடிக்கடி இறங்க வேண்டியிருக்கிறது, டிரைவரைக் குறை சொல்லாதீர்கள் என்று ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். அத்தனை ஆண்களுக்கு முன்னால். பஸ்ஸில் வந்த மற்றவர்களும் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மங்களம் படியேறியதும் டெஸ்மண்ட் எழுந்து நின்று கைகூப்பினார்.

"அக்கா, எனக்காகவா அப்படிச் சொன்னீங்க?"

மங்களம் தன் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸ எடு தம்பி. லேட்டானா சொல்றதுக்கு இப்ப என்கிட்ட ஒரு சாக்கும் இல்லலா."